பணம் போச்சா, போகலையா?

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் யு.பி.ஐ. ஒருநாள் படுத்துவிட்டது. கேள்விக்கே ரேஷன் வைக்கும் விதிகள் அதன் பிறகு வந்தன. அந்த ரேஷனால் யாருக்கு லாபம், யாருக்குச் சிரமம்?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. சாப்பாட்டு நேரம். ஹோட்டல் கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டைக்கு எதிரே போனை நீட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். ஸ்கேன் செய்தாயிற்று, தொகையைப் போட்டாயிற்று, பின் நம்பரும் அடித்தாயிற்று. திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வழக்கமாக ஊருக்கே கேட்கிற மாதிரி தொகையைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வாயைத் திறக்கவில்லை.

‘‘போயிடுச்சுன்னு நினைக்கிறேன்...’’ என்கிறார் சாப்பிட்டவர்.

‘‘எனக்கு வரலையே சார்’’ என்கிறார் கல்லாவில் இருப்பவர்.

‘‘இருங்க, பேலன்ஸ் பார்த்துச் சொல்றேன்.’’

பேலன்ஸ் பக்கத்திலும் அதே சக்கரம். வெளியே வந்து மறுபடி உள்ளே போகிறார். மறுபடி அழுத்துகிறார். அவருக்குப் பின்னால் நிற்கும் நாலு பேரும் தங்கள் போனில் அதையே செய்துகொண்டிருக்கிறார்கள்.

அன்று நாட்டின் எந்த ஊர்க் கல்லாவிலும் நடந்திருக்கக்கூடிய காட்சி இது. மார்ச் 26-ல் தொடங்கி மூன்று வாரத்துக்குள் யு.பி.ஐ. தடுமாறியது அது மூன்றாவது முறை. 2016 ஏப்ரல் 11-ல் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கிவைத்த சேவைக்கு, அதற்கு முந்தைய நாள்தான் ஒன்பது வயது நிறைந்திருந்தது. யு.பி.ஐ.யை நடத்தும் நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் (என்.பி.சி.ஐ.) ‘இடைவிட்டு வரும் தொழில்நுட்பச் சிக்கல்’ என்று அன்று சுருக்கமாக அறிவித்தது. உண்மையில் என்ன நடந்தது என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. கல்லாவுக்கு முன்னால் நின்றவர் கேட்ட அதே கேள்வியை, அவருக்குப் பின்னால் இருந்த வங்கிகளின் கணினிகளும் கேட்டுக்கொண்டிருந்தன. பணம் போச்சா, போகலையா?

கேள்வியே சுமையான நாள்

யு.பி.ஐ.யில் ஒருவர் பணம் அனுப்பினால், அந்தச் செய்தி அவருடைய ஆப்பிலிருந்து ஆப்பின் பங்குதாரர் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து என்.பி.சி.ஐ.க்கு. அங்கிருந்து பணத்தைக் கழிக்கவேண்டிய வங்கிக்கும், வரவு வைக்கவேண்டிய வங்கிக்கும். எல்லோரும் ‘சரி’ என்ற பிறகே சவுண்ட் பாக்ஸ் பேசும். நடுவில் எங்காவது பதில் தாமதமானால், ‘அந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு?’ என்று விசாரிக்க ஒரு தனி வழி இருக்கிறது. ஒரு கணினி இன்னொரு கணினியிடம் கேட்கும் இத்தகைய வழிக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். தொழில் வட்டாரத்தில் இந்த வழியின் பெயர் ‘செக் டிரான்ஸாக்‌ஷன்’ ஏ.பி.ஐ.

ஏப்ரல் 12-ல் என்.பி.சி.ஐ.யின் வாசலில் குவிந்தவை இந்த விசாரணைகள்தான். பதில் வரும்வரை காத்திருக்காமல் அடுத்த விசாரணை, அதற்கும் பதில் வருவதற்குள் இன்னொன்று என்று வங்கிகளின் கணினிகள் அனுப்பித் தள்ளின. பழைய பரிவர்த்தனைகளைப் பற்றிய கேள்விகளும் அவற்றில் இருந்தன. இத்தனைக்கும், எவ்வளவு நேரம் கழித்துக் கேட்கலாம், எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கு வழிகாட்டுதல் ஏற்கெனவே இருந்தது. அதைத் தன் பக்கத்தில் அமல்படுத்த வேண்டியது கேட்கும் வங்கி. வாசலில் நின்று தடுக்க வேண்டியது என்.பி.சி.ஐ. இரண்டுமே அன்று போதுமானதாக இல்லை.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் யு.பி.ஐ. வழியே நடந்த பரிவர்த்தனைகள் சுமார் 1,830 கோடி. நாளொன்றுக்கு 59 கோடி. இவ்வளவையும் தாங்கிய அமைப்பு, பணம் கைமாறாத வெறும் விசாரணைகளில் சாய்ந்ததுதான் வேடிக்கை.

‘‘சாம்பார்... சாம்பார்!’’

தமிழ்க் காதுக்கு ‘சர்வர்’ என்றால் முதலில் தோளில் துண்டு போட்ட ஹோட்டல் சர்வர்தான் நினைவுக்கு வருவார். கணினி சர்வரைப் புரிந்துகொள்ளவும் அவரே போதும்.

பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருவர் வருகிறார். ஒருவர் கேட்டால் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்வார். இருபது பேர் ஒரே நேரத்தில் ‘‘சாம்பார்’’ என்று குரல் கொடுத்தால், ஒவ்வொருவர் பக்கமும் திரும்பி ‘‘இதோ வர்றேன்’’ என்று சொல்வதே அவருக்கு முழுநேர வேலையாகிவிடும். வாளி நிறையச் சாம்பார் இருக்கும். இலையில் விழாது. பொறுமையிழந்தவர்கள் இரண்டாவது முறை கூப்பிடுவார்கள். நிலைமை இன்னும் மோசமாகும்.

கணினியில் இது எவ்வளவு வேகமாகக் கைமீறும் என்பதற்கு வரிசைக் கணிதம் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறது. ஒரு கோரிக்கையை முடிக்க 10 மில்லி விநாடி எடுக்கும் சர்வர், தன் நேரத்தில் பாதியை மட்டும் வேலையில் செலவிட்டால், வரிசையில் நின்ற நேரத்தையும் சேர்த்துச் சராசரியாக 20 மில்லி விநாடியில் பதில் வரும். 90 சதவிகித நேரம் வேலையில் இருந்தால் 100 மில்லி விநாடி. 99 சதவிகிதம் என்றால் ஒரு முழு விநாடி. பாதி சுமையில் இருப்பதைவிட ஐம்பது மடங்கு தாமதம். சுமை கூடியதோ இரு மடங்குகூட இல்லை.

தாமதமானதும் கேட்டவரின் கணினி ‘இனி பதில் வராது’ என்று முடிவுகட்டி, புதிதாக ஒரு கோரிக்கை அனுப்புகிறது. பழையது இன்னும் வரிசையில் நிற்பது அதற்குத் தெரியாது. சர்வர் தன் முறை வந்ததும் அந்தப் பழைய கோரிக்கைக்கும் வியர்வை சிந்தி வேலை பார்க்கும். பதிலை வாங்கிக்கொள்ளத்தான் அங்கே ஆள் இருக்காது.

2010 செப்டம்பர் 23-ல் ஃபேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது இப்படித்தான். பிழையான ஓர் அமைப்பு மதிப்பைக் கண்ட கணினிகள் எல்லாம், சரியான மதிப்பைக் கேட்டு ஒரே நேரத்தில் தரவுத்தளத்தை மொய்த்தன. விநாடிக்கு லட்சக்கணக்கில் கேள்விகள். பதில் கிடைக்காததையும் பிழை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி கேட்டன. மூலப் பிழையைச் சரிசெய்த பிறகும் வெள்ளம் வடியவில்லை. கடைசியில் பொறியாளர்கள் தளத்தையே மூடினார்கள். தரவுத்தளம் மூச்சு வாங்கிய பிறகு, ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள். முதல் பந்தி எழுந்த பிறகு இரண்டாம் பந்திக்குக் கதவைத் திறப்பதுபோல.

> 1 எப்படி 64 ஆகிறது?
>
> ஓர் ஆப். அதற்குப் பின்னால் ஒரு சேவை. அதற்கும் பின்னால் இன்னொரு சேவை. கடைசியில் தரவுத்தளம்.
>
> முதல் மூன்று அடுக்கும் ‘தோற்றால் மேலும் 3 முறை முயல்வேன்’ என்று எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 4 முறை கேட்கும்.
>
> பயனர் விரலால் தட்டியது ஒரே முறை. ஏற்கெனவே திணறும் தரவுத்தளத்துக்குப் போய்ச்சேர்வது 4 × 4 × 4 = 64 கேள்விகள்.

400 கஜ தூரத்தில் ஒரு நெரிசல்

கேட்பவர்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற பாடத்தை இணையம் தன் சின்ன வயதிலேயே கற்றது. 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான இணைப்பின் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. இரண்டுக்கும் இடையே தூரம் வெறும் 400 கஜம். வழியில் தொலைந்த தகவல்களைக் கணினிகள் உடனுக்குடன் திருப்பி அனுப்பியதில், அந்தத் திருப்பி அனுப்பலே வழியை அடைத்துவிட்டது.

வான் ஜேக்கப்சன் 1988-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு மருந்து சொன்னது. மெதுவாகத் தொடங்கு, பதில் ஒழுங்காக வந்தால் வேகத்தைக் கூட்டு, தகவல் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு வேகத்தைச் சட்டென்று குறை. இன்றைக்கு ஒவ்வொரு போனுக்குள்ளும் ஏதோ ஒரு வடிவில் இந்த நாகரிகம் எழுதப்பட்டிருக்கிறது.

எழுதத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2003-ல் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகம் சாட்சி. அதன் நேரம் காட்டும் சர்வரின் முகவரியை, நெட்கியர் நிறுவனம் தன் வீட்டு ரவுட்டர்கள் சிலவற்றில் நிரந்தரமாகப் பதித்துவிட்டது. நேரம் கிடைக்காவிட்டால் விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும்படி அந்த ரவுட்டர்கள் எழுதப்பட்டிருந்தன. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள். ஜூன் மாதத்தில் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு விநாடிக்கு இரண்டரை லட்சம் ‘மணி என்ன?’ வந்துகொண்டிருந்தது.

திருப்பி அனுப்பவும் ஒரு முறை உண்டு

சர்வர் பக்கத்தில் பரவலாக இருக்கும் உத்தியின் பெயர் ‘டோக்கன் பக்கெட்’. ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரிலும் ஒரு வாளி. அதில் பத்து டோக்கன் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஒரு டோக்கன் விழும். ஒரு கேள்வி கேட்டால் ஒரு டோக்கன் காலி. நீண்ட நேரம் சும்மா இருந்தவர் திடீரென்று பத்துக் கேள்வி கேட்டாலும் பதில் உண்டு. வாளி காலியான பிறகு விநாடிக்கு ஒன்றுதான். கோரிக்கைகளைத் தொட்டியில் நிரப்பி, மெல்லிய குழாய் வழியே சீராக ஒழுகவிடும் ‘லீக்கி பக்கெட்’ இதன் உறவுக்காரர்.

டோக்கன் இல்லாதவருக்கு சர்வர் சொல்லும் பதிலுக்கு ஓர் எண் இருக்கிறது: 429. ‘கேட்டது போதும்’ என்பது அதன் பொருள். 2012-ல் இணையத் தர ஆவணங்களில் சேர்க்கப்பட்ட எண் இது. ‘இத்தனை விநாடி கழித்து வா’ என்று கூடவே சொல்லி அனுப்பவும் வசதி உண்டு.

அந்தப் பதிலை மதிப்பது கேட்பவர் கையில். ஒழுங்காக எழுதப்பட்ட ஆப், முதல் தோல்விக்குப் பிறகு 1 விநாடி பொறுக்கும். அடுத்து 2, பிறகு 4, பிறகு 8. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே நொடியில் துரத்தப்பட்ட லட்சம் பேரும் சொல்லிவைத்தாற்போல் 1 விநாடி பொறுத்தால், அடுத்த நொடியில் லட்சம் பேரும் மறுபடி ஒன்றாக வந்து நிற்பார்கள். எனவே ஒவ்வொருவரும் பொறுக்கும் நேரத்தைக் குலுக்கல் முறையில் சற்று முன்பின்னாக மாற்றிக்கொள்ள வேண்டும். பொறியாளர்கள் இதை ‘ஜிட்டர்’ என்கிறார்கள்.

பொங்கல் பரிசுத் தொகுப்பு வாங்கிய எவருக்கும் இதன் அருமை தெரியும். ‘எல்லாரும் வாங்க’ என்று அறிவித்துவிட்டு ரேஷன் கடையைத் திறந்தால் விடியற்காலையே தெரு நிறைந்துவிடும். தேதியும் நேரமும் போட்ட டோக்கனை வீடு தேடி வந்து கொடுத்துவிட்டால், அதே கடை, அதே ஊழியர், அதே எடைமெஷின் போதும்.

> யு.பி.ஐ.: 2025 ஆகஸ்ட் 1 முதல் வந்த வரம்புகள்
>
> பேலன்ஸ் பார்ப்பது: ஓர் ஆப்பில் 24 மணி நேரத்துக்கு அதிகபட்சம் 50 முறை.
>
> போன் எண்ணோடு இணைந்த கணக்குகளின் பட்டியலை எடுப்பது: ஓர் ஆப்பில் 24 மணி நேரத்துக்கு 25 முறை.
>
> ஆட்டோபே (தானாகப் பிடிக்கப்படும் தவணை, சந்தா): நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும். ஒரு முயற்சி, தோற்றால் மேலும் 3.
>
> நெரிசல் நேரம்: காலை 10 முதல் மதியம் 1 வரை, மாலை 5 முதல் இரவு 9.30 வரை.
>
> மீறினால்: வங்கியின் ஏ.பி.ஐ. பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது, அபராதம், புது வாடிக்கையாளர் சேர்ப்பை நிறுத்துவது வரை நடவடிக்கை உண்டு.

50 முறை யாருக்குப் போதாது?

வரம்புகள் அறிவிக்கப்பட்டபோது, ‘ஒரு நாளைக்கு 50 தடவை பேலன்ஸ் பார்க்கிறவன் யாருப்பா?’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் கேலி ஓடியது. அப்படிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை கட்ட விரும்பாத பூக்காரர், இளநீர் வியாபாரி, ஆட்டோ ஓட்டுநர். வாடிக்கையாளர் காட்டும் பச்சை ‘டிக்’கை நம்பி ஏமாந்தவர்கள் பேலன்ஸைத்தான் நம்புவார்கள். பத்து ரூபாய்க்கும் ஒருமுறை திறந்து பார்ப்பார்கள். அவர்கள் ஆசைக்குப் பார்ப்பதில்லை. உறுதிச் செய்தி நம்பகமாகவும் உடனடியாகவும் வந்திருந்தால் அந்தக் கேள்விக்கே அவசியமில்லை.

இந்த வரம்புகளை அறிவித்த என்.பி.சி.ஐ.யின் சுற்றறிக்கையில் இதற்கு ஒரு பதில் இருந்தது. ஒவ்வொரு பரிவர்த்தனையும் வெற்றிகரமாக முடிந்ததும், மீதித் தொகையையும் சேர்த்தே வங்கி தெரிவிக்க வேண்டும். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் கேள்வி குறையும். 50 என்ற எண்ணைவிடச் சுமையைக் குறைக்கக்கூடிய வரி இதுதான். ஆனால் தலைப்புச் செய்திகளில் இடம்பிடித்தது 50-தான்.

விதிகளின் மையம் பொதுமக்கள் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் விரலால் தட்டிக் கேட்பவை, கணினி தானாகக் கேட்பவை என்று கோரிக்கைகளைச் சுற்றறிக்கை இரண்டாகப் பிரித்தது. தானாகக் கிளம்புபவை நெரிசல் நேரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். அவற்றை வரிசைப்படுத்தி, வேகக் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருப்பதாக வங்கிகள் ஆகஸ்ட் 31-க்குள் எழுதிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. ஓ.டி.டி. சந்தாவும் மியூச்சுவல் ஃபண்ட் தவணையும் நடுப்பகலில் பிடிக்கப்பட்டால் என்ன, விடியற்காலையில் பிடிக்கப்பட்டால் என்ன? கல்லாவுக்கு முன்னால் நிற்பவரால் அப்படித் தள்ளிப்போட முடியாது.

இதிலும் ஓர் ஓரத்தில் வலிக்கிறது. கூலி மாலையில் கைக்கு வந்து, அதைக் கணக்கில் போடுகிறவருக்கு விடியற்காலையில் பேலன்ஸ் இருக்காது. கணக்கில் பணம் இருக்கும் நேரம் பார்த்துத் தவணை பிடிக்கும் வசதி, முயற்சிகளின் எண்ணிக்கையும் நேரமும் சுருங்கும்போது அவருக்குக் குறைகிறது. தவணை தவறினால் அபராதம் அவருடையது.

சுமையைக் குறைக்க இன்னொரு வழி, கேள்வியை வங்கியின் மையக் கணினிவரை போகவிடாமலே முடித்துக்கொள்வது. 2022 செப்டம்பரில் வந்த ‘யு.பி.ஐ. லைட்’ அந்த ரகம். சிறு தொகையைப் போனுக்குள் இருக்கும் பணப்பையில் முன்கூட்டியே ஏற்றிவைத்துச் செலவிடலாம். 2024 டிசம்பரிலிருந்து அந்தப் பையில் 5,000 ரூபாய் வரை வைத்திருக்கலாம், ஒருமுறைக்கு 1,000 ரூபாய் வரை கொடுக்கலாம். பின் நம்பரும் தேவையில்லை.

பத்து மணி யுத்தம்

சென்னையில் தங்கி வேலை பார்க்கும் தென்மாவட்டத்துக்காரர் எவரிடமும் ‘தட்கல்’ என்று சொல்லிப் பாருங்கள். காலை 10 மணிக்கு ஏ.சி., 11 மணிக்கு ஏ.சி. அல்லாத வகுப்பு. 9.58-க்கே லாகின் செய்து விரலைத் தயாராக வைத்திருப்பார்கள். 10.02-க்கு ‘வெயிட்டிங் லிஸ்ட்’ என்று வரும்.

இங்கே பிரச்னை இன்னொரு முகம் காட்டுகிறது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் வரும் லாகின் முயற்சிகளில் 50 சதவிகிதம் வரை மனிதர்களுடையவை அல்ல, ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்களுடையவை என்று 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகம் சொன்னது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடி பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. பாட்களை வடிகட்டும் ஏற்பாடு வந்த பிறகு, மே 22-ம் தேதி காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. அதுவரை இல்லாத உச்சம் அது.

சர்வர் பெரிதானதால் மட்டும் வரவில்லை இந்த உச்சம். வாசலில் யாரை நிறுத்துவது என்று தெரிந்ததும் ஒரு காரணம். ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே இணையத்தில் தட்கல். ஜூலை 15 முதல் ஆதார் ஓ.டி.பி. முகவர்களுக்கு முதல் அரை மணி நேரம் அனுமதி இல்லை.

ரயில்வே இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு வேகத்தடை வைத்திருந்தது. பயணிகள் விவரம் நிரப்பும் பக்கத்தில் குறைந்தபட்சம் 25 விநாடியாவது செலவிட வேண்டும். பெயர், வயது, பெர்த் விருப்பம் எல்லாவற்றையும் அரை விநாடியில் நிரப்பிவிடும் நிரலுக்கு, மனித விரலின் வேகத்தைக் கட்டாயமாக்கிய விதி அது. எல்லோரையும் மெதுவாக்கினால் மெதுவானவருக்கு நியாயம் கிடைக்கும்.

அடையாளத்தைக் கேட்டு அனுமதிக்கும் முறைக்கும் விலை உண்டு. ஆதாரோடு இணைத்த போன் நம்பர் மாறிப்போனவர், வீட்டில் மகன் போனை நம்பியிருக்கும் முதியவர் ஆகியோருக்கு ஓ.டி.பி.யும் ஒரு சுவர்தான்.

தடுப்பூசிக்கு ஓர் அலாரம்

2021 ஏப்ரல் 28, மாலை 4 மணி. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 18 வயது முதல் 44 வயதுவரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசிப் பதிவு ‘கோவின்’ தளத்தில் திறந்தது. நாடே ஒரே நிமிடத்தில் கதவைத் தட்டியதில் தளம் சற்று நேரம் தடுமாறி எழுந்தது. உச்சத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம் தட்டல்கள். அன்று ஒரே நாளில் 1.3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள்.

பதிவு கிடைத்தது, ஊசி கிடைக்கவில்லை. எந்த மையத்தில் எப்போது இடம் திறக்கும் என்பது தெரியாமல் ஆட்கள் மணிக்கணக்கில் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை நிரலிடம் விட்டார் சென்னையைச் சேர்ந்த ஒரு நிரலாளர். கோவின் திறந்துவைத்திருந்த ஏ.பி.ஐ. வழியே இடங்களைக் கண்காணித்து, காலியானதும் டெலிகிராமில் சொல்லும் சேவை அது. மே மாதத் தொடக்கத்தில் தொடங்கி மளமளவென்று பல ஊர்களுக்குப் பரவியது. நாடெங்கும் இதுபோல் பலர் எழுதினார்கள். சுமை பெருகியதும் கோவின் வரம்பு கட்டியது. ஓர் ஐ.பி. முகவரியிலிருந்து 5 நிமிடத்துக்கு 100 கேள்விகள். பொதுவில் கிடைக்கும் இடவிவரம் 30 நிமிடம்வரை பழையதாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தது.

ஐ.பி. முகவரியை வைத்து எண்ணுவதில் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கின்றன. கல்லூரி விடுதி, பிரவுசிங் சென்டர் எல்லாம் அப்படித்தான். சர்வரின் கண்ணுக்கு அவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆள். ஒருவர் எழுதிய நிரல் 100 கேள்விகளையும் தின்றுவிட்டால், பக்கத்து அறை மாணவர் முதல் கேள்வியிலேயே துரத்தப்படுவார். ஒரு வீட்டுக்குத் தனி முகவரியோடு பிராட்பேண்ட் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

டிஜிட்டல் வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று 2021 மே இறுதியில் உச்ச நீதிமன்றமே கேட்டது. முன்பதிவு கட்டாயமில்லை, நேரில் போனாலே ஊசி போடலாம் என்று ஜூனில் அரசு தெளிவுபடுத்தியது. சர்வரின் சுமைக்கும் அதுவே நல்ல மருந்தாக அமைந்தது.

கேட்பவர் மனிதரே இல்லையென்றால்?

2023 ஜூலை 1-ல் ட்விட்டர் பயனர்கள் விசித்திரமான ஓர் அறிவிப்பைக் கண்டார்கள். பதிவுகளைப் படிப்பதற்கே ரேஷன். கட்டணம் செலுத்திச் சரிபார்க்கப்பட்ட கணக்குக்கு நாளொன்றுக்கு 6,000 பதிவுகள், மற்றவர்களுக்கு 600, புதியவர்களுக்கு 300. சில மணி நேரத்தில் இந்த எண்கள் இருமுறை உயர்த்தப்பட்டன. தரவு அள்ளுகிறவர்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்றார் ஈலான் மஸ்க். மாட்டியவர்களோ, சும்மா கீழே தள்ளிப் படித்துக்கொண்டிருந்த சாதாரண வாசகர்கள்.

அள்ளுகிறவர்களின் பசி அதன் பிறகு கூடியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனி தேடும் நிரல்களால், படங்கள், காணொளிகளுக்கான பதிவிறக்கச் சுமை 2024 ஜனவரியிலிருந்து 50 சதவிகிதம் உயர்ந்திருப்பதாக 2025 ஏப்ரலில் விக்கிமீடியா அறக்கட்டளை தெரிவித்தது. பார்வைகளில் நிரல்களின் பங்கு சுமார் 35 சதவிகிதம்தான். அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்திலோ 65 சதவிகிதம் அவற்றுடையது. மனிதர்கள் பலரும் பார்க்கும் பக்கங்களைத் தயாராக எடுத்துவைக்கலாம். நிரல்கள் எவரும் தொடாத மூலை முடுக்குப் பக்கங்களையும் விடாமல் கேட்பதால், ஒவ்வொரு முறையும் மையக் கிடங்குவரை போய் எடுத்துவர வேண்டியிருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளும் அதே சர்வர்களில்தான் இருக்கின்றன.

இனி?

கேள்விக்கு வரம்பு வைப்பது நியாயமாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. பதில் சொல்கிறவருக்கும் வரம்பு வேண்டும். யு.பி.ஐ. விவகாரத்தில் அது ஓரளவு நடந்தது. பரிவர்த்தனை நிலையை விசாரித்தால் பதில் சொல்ல இருந்த 30 விநாடி அவகாசம், 2025 ஜூன் 16 முதல் 10 விநாடியானது. பணம் செலுத்தும் கோரிக்கைக்கான அவகாசம் 30-லிருந்து 15 ஆனது. ஆகஸ்டில் மாதப் பரிவர்த்தனை முதன்முறையாக 2,000 கோடியைத் தாண்டியது. மற்ற துறைகளில் இந்த இரண்டாம் பாதியைக் காணோம். ‘சிறிது நேரம் கழித்து முயலவும்’ என்று மட்டும் சொல்லும் அரசுத் தளங்களும் தனியார் ஆப்களும், எவ்வளவு நேரம் என்றும் சொல்லிப் பழக வேண்டும். நேரம் தெரிந்தவர் காத்திருப்பார். தெரியாதவர் தட்டிக்கொண்டேதான் இருப்பார்.

> சக்கரம் சுற்றினால் என்ன செய்யலாம்?
>
> ‘பெண்டிங்’ என்று காட்டும்போது அதே தொகையை உடனே மறுபடி அனுப்ப வேண்டாம். இரண்டும் போய்ச் சேர வாய்ப்பு உண்டு.
>
> பேலன்ஸைத் திரும்பத் திரும்பத் திறப்பதைவிட, வங்கியின் குறுஞ்செய்தியைப் பாருங்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவையுங்கள்.
>
> தினசரி சில்லறைச் செலவுக்கு யு.பி.ஐ. லைட் உதவும்.
>
> தனிநபருக்கு அனுப்பியது கணக்கிலிருந்து கழிந்து, அவருக்குப் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் 5 நாள்களுக்குள். இது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

ஏப்ரல் 12-ல் ஹோட்டல் கல்லாவுக்கு முன்னால் நின்றவர்களில் பலர், கடைசியில் பர்ஸைத் துழாவி ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்திருப்பார்கள். போனில் கழிந்த பணம் திரும்பி வருமா என்று பல நாள் கேட்டுக்கொண்டும் இருந்திருப்பார்கள். அந்தக் கேள்விக்கான பதில் ரிசர்வ் வங்கியின் அதே 2019 சுற்றறிக்கையில் இருக்கிறது. கெடு தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வாடிக்கையாளர் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலேயே அதைக் கணக்கில் வரவு வைக்க வேண்டியது வங்கியின் கடமை.